எடை தூக்கவில்லை, கைதான் ஊன்றினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி படிக்கிறேன். தோள் மூட்டையும் மாற்றுகிறார்கள் என்பது எனக்கே அது தேவைப்படும் வரை தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாற்பது ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். எத்தனையோ பெண்களின் தோள் அளவு என் நோட்டில் இருக்கிறது. தோளுக்குள் என்ன இருக்கிறது என்று 66 வயதில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வலது கையைத் தூக்கித் தலை வார முடியாமல் போனபோது, "உனக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, தோள் பிடிப்பாகத்தான் இருக்கும்" என்றார்கள். என் நாத்தனாருக்கு அப்படித்தான் வந்து, ஒன்றரை வருடத்தில் மெல்ல மெல்ல விட்டது. எனக்கும் விடும் என்று தைலம் தேய்த்தேன், ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. கடைசியில் புதுச்சேரியில் பார்த்த எலும்பு மருத்துவர் அரை நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். என் கையை அவரே பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினார், வந்தது. "இப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று விட்டார். கை பொத்தென்று விழுந்தது. தோள் பிடிப்பாக இருந்தால் அடுத்தவர் தூக்கினாலும் கை மேலே வராதாம். எனக்கு வருகிறது, நிற்கவில்லை. தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநார்கள் கிழிந்து, கை எலும்பின் பந்து போன்ற முனை மேலே ஏறி உரசி, மூட்டே தேய்ந்துபோயிருந்தது. தைத்துவிட முடியாதா என்று கேட்டேன். "நைந்துபோன துணியில் தையல் நிற்குமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது!

தோள் மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து இல்லையாம். சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அது உருளாமல் பிடித்துக்கொள்வது நான்கு தசைகளின் நார்கள். அவை நன்றாக இருந்தால், இருந்த இடத்திலேயே உலோகப் பந்தும் பிளாஸ்டிக் தட்டும் வைத்துவிடலாம். எனக்கு அவை இல்லாததால் தலைகீழாக வைத்தார்கள். தோள்பட்டை எலும்பில் பந்து, கை எலும்பில் கிண்ணம். அப்படி வைத்தால் தோளுக்கு வெளியே புடைத்துத் தெரிகிற பெரிய தசை, கிழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து கையைத் தூக்கிவிடும். 1985இல் இதை வடிவமைத்தவர் பால் கிராமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதற்கும் முன்பு, 1893இல், பாரிசில் ஒரு ரொட்டிக் கடைத் தொழிலாளிக்குக் காசநோய் தின்ற தோளை எடுத்துவிட்டு பிளாட்டினமும் ரப்பருமாக ஒன்றை வைத்தார்களாம். செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். இரண்டு வருடத்தில் சீழ் பிடித்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் சொன்னவர் என் பிசியோதெரபிஸ்ட். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குப் போலீஸ் தொப்பியை மட்டும்தான் கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

அறுவை சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வேடிக்கை மட்டும் சொல்கிறேன். வலி தெரியாமல் இருக்கக் கழுத்தருகே நரம்பில் மருந்து செலுத்தியிருந்தார்கள். கண் விழித்தால் என் கை அடுத்தவர் கை போலக் கிடக்கிறது. வலது கண் இமை பாதி தொங்குகிறது, குரல் கரகரக்கிறது. மருமகள் பக்கவாதம் என்று பயந்து வராந்தா முழுக்க ஓடியிருக்கிறாள். அந்த மருந்துக்கு அப்படி ஆவது உண்டாம், மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிட்டது. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஓடியிருக்க வேண்டாம். என் குறையே இந்த 'ஒரு வார்த்தை' பற்றியதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பக்க ஆங்கிலக் காகிதம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி, 'நோ வெயிட் பேரிங்'. பத்தாவது படிக்கும் பேரன் "எடை தூக்கக் கூடாது ஆயா" என்று படித்துச் சொன்னான். நானும் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அந்தக் கையால் தூக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், பயிற்சிக்காகக் கையைத் தாங்கும் பெல்ட்டைக் கழற்றியவள் அதை மறுபடி மாட்டாமல், தரையில் உட்கார்ந்து இடது கையால் ரவிக்கைக் கொக்கிகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் தயிர்க்காரி கூப்பிட்டாள். அறுபது வருடப் பழக்கம், வலது உள்ளங்கையைப் பின்னால் தரையில் ஊன்றி எழுந்தேன். தோளுக்குள் 'களுக்' என்றது. மூட்டு விலகிவிட்டது.

மறுபடி புதுச்சேரி மருத்துவமனைக்கு ஓடினோம். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையையும் நான் எண்ணினேன். மயக்க மருந்து கொடுத்து, திறக்காமலேயே மூட்டைத் திரும்ப உட்கார வைத்துவிட்டார்கள். பெல்ட்டை இன்னும் சில வாரம் மாட்டியிருக்கச் சொன்னார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் அந்தக் காகிதத்தை எடுத்து, அதே வரியில் விரலை வைத்து, "எழுதித்தானே கொடுத்திருக்கிறோம் அம்மா" என்றார். அந்தக் கையில் உடம்பின் பாரமே இறங்கக் கூடாது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தமாம். எடை தூக்குவது அதில் ஒரு பகுதிதான். 'கை ஊன்றாதே' என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தால் எனக்குப் புரியாதா? அடுத்த வரியில் நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழக் கூடாது என்று இருந்ததாம். எங்கள் வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலியே கிடையாது. தரையில் உட்காருகிறவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள் என்று அதை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மருத்துவமனையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கேதான் போகிறேன், கையும் அவர்கள் கொடுத்ததுதான். என் கோரிக்கை ஒன்றுதான்: தோள் மாற்றுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே தமிழில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று பட்டறிந்தவள் சொல்கிறேன். ஆறு வாரம் வரை தரையில் உட்காரவே வேண்டாம். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்டுவது, பாவாடையை இழுத்துவிடுவது, கழிப்பறையில் அந்தக் கையைப் பயன்படுத்துவது மூன்றும் கூடாது. தலைகீழ் மூட்டு விலகுவதற்கு அதுதான் வழி. இடது கைப் பழக்கத்தை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் தொடங்கிவிட வேண்டும். மட்ட மல்லாக்கப் படுக்காமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுக்க வேண்டும். முழங்கைக்குக் கீழேயும் ஒரு தலையணை, படுத்தபடியே பார்த்தால் முழங்கை கண்ணில் பட வேண்டும். அக்குளைக் கழுவ, கையைத் தூக்காமல் முன்னால் குனிந்தால் கை தானாகத் தொங்கும், இடைவெளி கிடைக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம், அசைக்கத்தான் வேண்டும். காயம் சிவந்தாலோ கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு.

உடுப்பைப் பற்றி எந்தக் காகிதமும் ஒன்றும் சொல்லவில்லை. நானே வெட்டித் தைத்தேன். கொக்கி முன்பக்கம், வலது தோள் தையலைக் கழுத்திலிருந்து கை நுனி வரை பிரித்து வெல்க்ரோ வைத்தேன். கையைத் தூக்காமலே அந்த ரவிக்கையைப் போடலாம், டாக்டரிடம் காட்டவும் சுலபம். சாதாரண உடுப்பு என்றால் போடும்போது நோகிற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

இப்போது ஒன்பதாவது மாதம். முதல் பயிற்சி, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுக்கல் சுற்றுவது போல வட்டம் போடுவது. அப்போது ஒரு தேங்காய் அளவுகூட வட்டம் வராது. இப்போது தலை வாருகிறேன், அலமாரியின் நடுத்தட்டில் இருக்கும் துணியை எடுக்கிறேன், கத்தரி பிடித்து வெட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் இடுப்பு வரைதான் போகிறது. இந்த மூட்டுக்கு அது முழுதாக வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர்க் குடம் இனி எனக்கு இல்லை. ஆபரேஷன் மேஜையில் நான் படுத்திருந்தது இரண்டு மணி நேரம். பிசியோதெரபிக்கு மாடிப்படி ஏறியது ஐந்து மாதம். அந்த அறை ஏன் மாடியில் இருக்கிறது என்று கேட்டால் அது இன்னொரு கடிதமாகிவிடும்.

மருத்துவமனைகள் அந்தத் தாளை அடிக்கும் வரை நீங்களாவது ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, பெரிய எழுத்தில், அரைப் பக்கத்தில் போடுங்கள். பின்பக்கம் முக்கியமான செய்தி எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரித்து நாள்காட்டி பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டுமே.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)