நவ்ரோஜி ஜெயித்த அந்த எட்டு ஓட்டு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. நம் தேசத் தலைவர் தாதாபாய் நவ்ரோஜி மூன்று வருஷம் லண்டன் பார்லிமென்டில் உட்கார்ந்து என்னத்தைக் கண்டார் என்று கேட்டிருக்கிறாய். எல்லாரும் 1892 தேர்தலோடு கதையை முடித்துவிடுவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

தேர்தல் கதை உனக்கே தெரியும். 1886இல் லண்டனின் ஹோல்பர்ன் தொகுதியில் தோல்வி. 1892இல் அதே நகரின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் அவருக்கு 2,959, எதிராளி பென்டனுக்கு 2,956. முதலில் ஐந்து ஓட்டு வித்தியாசம் என்றார்கள், மறுபடி எண்ணியபோது மூன்றானது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1893 ஜூன் 2, பார்லிமென்டில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வந்த நாள். அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு, அதாவது இந்தியாவை ஆளும் உயர் அதிகாரிகளை எடுக்கும் தேர்வு, லண்டனில் மட்டும்தான். நம் பையன் கடல் தாண்டிப் போய், அங்கே தங்கிப் படித்து எழுத வேண்டும். தோற்றால் குடும்பத்தின் பணம் அத்தனையும் தண்ணீரில் போட்டது மாதிரி. போதாததற்கு 1870களில் வயது உச்சவரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்திருந்தார்கள். பிறகு அதை உயர்த்தினாலும் கப்பல் செலவு அப்படியே நின்றது.

தேர்வை இங்கிலாந்து, இந்தியா இரண்டிலும் ஒரே சமயத்தில் நடத்தி, எல்லாரையும் மதிப்பெண்படி ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் பால் என்ற உறுப்பினர். நவ்ரோஜி ஆதரித்துப் பேசினார். அவருடைய லிபரல் கட்சி அரசாங்கமே எதிர்த்தது. அப்படியும் 84க்கு 76 என்று, எட்டு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது! 670 பேர் கொண்ட சபையில் அன்று ஓட்டுப் போட்டவர்கள் 160 பேர்தான். அந்த மெலிந்த கூட்டம்தான் வழிவிட்டது.

ஆனால் தீர்மானம் என்பது சபையின் கருத்து மட்டுமே, சட்டம் அல்ல. லண்டனில் இருந்த இந்திய விவகார மந்திரி அதை இந்திய அரசாங்கத்தின் கருத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து மாகாணங்களுக்குப் போனது. எந்த அதிகாரிகளின் ஏகபோகம் உடைய வேண்டுமோ அவர்களிடமே அபிப்பிராயம் கேட்டால் என்ன வரும்? சென்னை மாகாணம் ஒன்றுதான் ஆதரித்தது. மற்றவை மறுக்க, விஷயம் அங்கேயே புதைந்தது. இந்தியாவில் அந்தத் தேர்வு 1922இல்தான் தொடங்கியது. நவ்ரோஜி 1917இலேயே போய்விட்டார்.

1895இல் தொகுதி கைவிட்டுப் போனாலும், இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷனில் அவர் உறுப்பினர், சாட்சியும் அவரே. 1897இல் அங்கே சாட்சி சொல்ல நம் பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் சென்னையிலிருந்து போனார். அந்தக் குறுக்கு விசாரணையை நீ கட்டாயம் படி, அடுத்த கடிதத்தில் அதைப் பேசலாம்.

அன்புடன்,
உன் நண்பன்