லெப்பர்ட் கெக்கோ முட்டைகளை முதன்முறையாக அடைவைக்கும் வாடிக்கையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செல்லப்பிராணியாக வளர்க்கும் புள்ளிப் பல்லியான லெப்பர்ட் கெக்கோ முட்டையிட்டுவிட்டது, வீட்டிலுள்ள கோழிமுட்டை இன்குபேட்டரிலேயே வைத்துவிடலாமா என்று எங்கள் கடைக்கு வரும் பலர் கேட்கிறீர்கள். பெட்டியைப் பயன்படுத்தலாம், ஆனால் கோழிமுட்டைக்கு உரிய வழக்கங்கள் இரண்டை அறவே விட்டுவிட வேண்டும்.

முதலாவது, முட்டையைத் திருப்புவது. இட்ட ஒரு நாளைக்குள் கரு மேற்பக்க ஓட்டின் உட்புறத்தில் பற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதன்பின் முட்டை புரண்டால் கரு இறந்துபோகக்கூடும். ஆகவே எடுப்பதற்கு முன்பே மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி மாற்றுங்கள். தானாகத் திருப்பும் தட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, வெப்பம். கோழிமுட்டைக்கான 37.5 பாகை செல்சியஸ் இதற்கு எமனாகிவிடும். லெப்பர்ட் கெக்கோவின் பாலினத்தை முட்டை அடையிருக்கும் வெப்பமே தீர்மானிக்கிறது: 26 பாகையில் பெரும்பாலும் பெண், 30-ஐ ஒட்டி இரண்டும் கலந்து, 32-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தாண்டினால் மீண்டும் பெரும்பாலும் பெண். முதன்முறை வைப்பவர்களுக்கு நாங்கள் 28 பாகையைப் பரிந்துரைக்கிறோம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரிக்கும். ஆனால் சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. நம் மலேசிய வீடுகளில் பிற்பகல் அறை வெப்பம் 32-ஐத் தொடும்போது பெட்டியை 28-இல் வைத்தும் பயனில்லை என்பதால், ஏர்கோன் ஓடும் அறையிலோ வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையிலோ வைத்து, வெப்பமானியின் முனையை முட்டைகளின் பக்கத்திலேயே செருகிப் பாருங்கள்.

சுவரிடுக்கில் நாம் காணும் வீட்டுப் பல்லியின் முட்டை ஓடு கடினமானது. லெப்பர்ட் கெக்கோ முட்டையின் ஓடோ தோல்போல் மெல்லியது, சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெருப்பது. வெர்மிகுலைட்டையும் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்) தண்ணீரையும் சம எடையில் கலந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, கட்டைவிரலால் பள்ளம் அழுத்தி, முட்டையைப் பாதி புதையும்படி வையுங்கள். மூடியில் ஓரிரு ஊசித்துளைகள் போதும். முதல் நாளே டப்பாவை எடைபோட்டுக் குறித்துக்கொண்டால், பிறகு குறைந்த எடைக்கு மட்டும் தண்ணீரை ஓரமாக, முட்டைமேல் படாமல் விடலாம். காற்றுக்காக வாரம் ஒருமுறை திறந்தால் போதும். அடிக்கடி திறந்து பார்க்கும் ஆவல்தான் ஈரத்தையும் வெப்பத்தையும் குலைக்கிறது.

பத்து நாள் கழித்து, முட்டையை அசைக்காமல் இருட்டில் சிறு டார்ச் ஒளியை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தால், கருவுள்ள முட்டை இளஞ்சிவப்பாகவும் உள்ளே மெல்லிய இரத்த நரம்புகளோடும் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தாலும் உடனே எறியாமல் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஆணோடு சேராத பெண்ணும் கருவற்ற முட்டையிடும். அடைக்காலத்தின் நடுவில் முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். கடைசி நாட்களில் குழிவது பொரிக்கப்போவதன் அறிகுறி.

ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டிய குஞ்சு பல மணி நேரம் அப்படியே இருக்கலாம். தயவுசெய்து இழுக்காதீர்கள், அது மஞ்சள் கருவின் மிச்சத்தை உள்வாங்கிக்கொண்டிருக்கும். வெளிவந்ததும் ஈரத் துணித்தாள் விரித்த தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். முதல் தோலை உரித்த பின்னரே இரை கேட்கும். குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய வெட்டுக்கிளியைக் கொடுக்க வேண்டாம்.

ஐயம் எழுந்தால் முட்டையைக் கடைக்குத் தூக்கிவராமல், டார்ச் ஒளியில் எடுத்த படத்தை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடை நிர்வாகம்