கோபுரமும் வெற்றிலைத் தட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையில் கைத்தொலைபேசிக் கோபுரம் வேண்டாமென்று கையெழுத்து வாங்க வந்த பெரியவர், வேலியோரம் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். "உது கான்சரைக் கொண்டரும் தம்பி."

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கை 2004 இலேயே முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது: புற்றுநோய் தருவது உறுதி. கோபுரம் அனுப்பும் ரேடியோ அலைகள் 2011 இல் 2பி பிரிவுக்குப் போயின. தரக்கூடும் என்ற சந்தேகம் மட்டும். பாக்கு நாமே சீவுவது, கோபுரம் எவரோ கேளாமல் நடுவது. பயம் அங்கேதான் பிறக்கிறது போலும். கேட்டு நட்டிருக்கலாம், அது வேறு கதை.

நான் கையெழுத்து வைக்கவில்லை. அவர் மகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். தலைக்கவசம் ஹாண்டிலில் தொங்கியது.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்