சுங்கச்சாவடியில் இன்னொரு பலகை

இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கமே கூடாது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பாதைக்குப் பணம் வாங்குவது எங்கள் ஊருக்குப் பழைய பழக்கம்தான். பெரும்பாணாற்றுப்படையிலேயே சுங்கம் வாங்கும் பெருவழி ஒன்று வருகிறது. கழுதைகளின் முதுகில் மிளகுப் பொதி ஏற்றி வணிகர் கூட்டம் போகிறது. வழிகள் பிரியும் இடங்களில் வில்லேந்திய காவலர்கள் நிற்கிறார்கள். கொடுத்த காசு எதற்குப் போகிறது என்பது அந்த வணிகருக்குக் கண்ணெதிரே தெரிந்திருக்கும்.

எங்களுக்கு அதுதான் தெரியவில்லை. நாங்கள் சுங்கம் கட்டும் சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, வசூல் எப்போது முடியும்?

2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில், போட்ட முதல் திரும்பிவிட்டால் கட்டணம் 40 சதவீதமாகக் குறையும் என்று ஒரு நம்பிக்கையாவது இருந்தது. 2023இல் விதிகளைத் திருத்தியபோது அமைச்சகம் அதையும் எடுத்துவிட்டது. உயர்வு மட்டும் தவறாமல் வருகிறது: ஆண்டுக்கு 3 சதவீதம், அதோடு மொத்த விலைக் குறியீட்டில் ஏறியதில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் சில சாவடிகளுக்கு ஏப்ரலில், மற்றவற்றுக்குச் செப்டம்பரில்.

கணக்கைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி–நொய்டா மேம்பாலச் சாலையைப் பாருங்கள். அது உங்கள் சாலை இல்லை, தெரியும். அங்கே சாலையைக் கட்டி வசூலித்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீத லாபம் என்று ஒப்பந்தம். வசூல் அதை எட்டாவிட்டால், துண்டு விழுந்த தொகை திட்டச் செலவிலேயே சேர்ந்துவிடும். வண்டிகள் காசு கட்டக் கட்ட, பாலத்தின் ‘செலவு’ ஏறிக்கொண்டே போனது! 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மக்கள் வழக்குப் போட்டிராவிட்டால் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் பாலியேக்கரை சாவடிக்கும் நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது. இடப்பள்ளி–மண்ணுத்தி சாலையில் வண்டிகள் நகரவே முடியாத நிலையில், 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டுக்குப் போனீர்கள், அங்கும் எடுபடவில்லை.

2025இல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் கொடுத்தீர்கள். சரி, சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு நல்லதுதான். லாரிக்கு அது கிடையாது. லாரி கட்டும் சுங்கம் அப்புறம் கோயம்பேட்டுத் தக்காளி விலையில் ஏறி, கார் இல்லாதவர் தலையிலும் விழுகிறது.

சாவடிதோறும் குடியரசுத் தலைவரில் தொடங்கி யார் யாருக்குக் கட்டணம் இல்லை என்று பெரிய பலகை வைத்திருக்கிறீர்கள். குடியரசுத் தலைவர் பரனூரில் வரிசையில் நின்று அதைப் படிக்கப்போவதில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள்: கட்டிய செலவு, போன மாதம் வரை வசூல், பராமரிப்புக்குப் போனது, பாக்கி, ஒப்பந்தம் முடியும் தேதி. தமிழில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து படிக்கும் அளவு எழுத்தில். பரனூரிலிருந்தே தொடங்கலாம். அடுத்த கட்டண உயர்வை அறிவிப்பதற்கு முன்பு அது வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
பாஸ்டேக் ஒட்டிய வண்டிக்காரன் ஒருவன்