கண்ணாடி ஜாடியின் கனம்

வேலூர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் ஜாடி கனமாக இருந்து தோளை வலிக்கச் செய்துவிட்டது என்றும், அடுத்த முறை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தந்தால் போதும் என்றும் தொலைபேசியில் சொன்னாய். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்திய எனக்கு அப்படி இருக்க முடியவில்லை.

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கின்றன. கண்ணாடி அவற்றோடு ஏறத்தாழ எந்த வினையும் புரியாது. அதில் நுண்துளைகள் இல்லாததால் வாடையையும் தனக்குள் பிடித்து வைக்காது. உன் பிளாஸ்டிக் டப்பாக்களில் எத்தனை கழுவியும் போகாத மஞ்சள் கறையை நீயே பார்த்திருப்பாய்.

ஆனாலும் கண்ணாடியைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். சிலிக்கா மணலையும் சோடியம் கார்பனேட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கித்தான் அதைச் செய்கிறார்கள். எரிபொருளின் புகை போதாதென்று, அந்தக் கார்பனேட்டுகள் சிதையும்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிவதானால், கண்ணாடிதான் மேல் என்று என்னால் வாதாட முடியாது. பழைய கண்ணாடியை மீண்டும் உலையிலிடும்போது கணக்கு மாறுகிறது: அதிலிருந்த வாயு முன்பே போய்விட்டது, உருகவும் குறைந்த வெப்பமே போதும். 10 சதவீதம் உடைசல் சேர்த்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குன்றாது. பிளாஸ்டிக்கோ ஒவ்வொரு மறுசுழற்சியிலும் நலிகிறது.

உருக்காமலே திரும்பப் பயன்படுத்துவது அதனினும் நல்லது. சிறுவயதில் நீ அடம்பிடித்துக் குடித்த கோலி சோடா நினைவிருக்கிறதா? 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற புட்டி அது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளும். குடித்து முடித்ததும் புட்டியைக் கடைக்காரர் கையோடு வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிடுவார். கழுவி நிரப்பி மறுபடி விற்பார்கள். அதன் இளம்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பால் வருவது என்பதை அன்று சொன்னால் நீ எங்கே கேட்டாய்!

ஒரு எச்சரிக்கை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாதாரண ஜாடியில் கொதிக்கும் ரசத்தை ஊற்றாதே. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாததால் வெடித்துவிடும். வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடி விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே விரியும் போரோசிலிகேட் என்ற கண்ணாடியில் செய்த பாத்திரம் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது உடைந்தால் புட்டிச் சில்லுகளோடு கலக்காதே. உருகும் வெப்பநிலை வேறு என்பதால் உலையில் தொல்லை தரும். எதுவானாலும் தடித்த தாளில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடு. குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர்.

பொங்கலுக்கு வரும்போது காலி ஜாடியைக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வா. அம்மா இப்போதே எலுமிச்சை பார்க்கத் தொடங்கிவிட்டாள். திரும்பிப் போகும்போது காட்பாடி நடைமேடைவரை பையை நான் தூக்கி வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா