கத்தரிப் பொறியில் அந்து விழவில்லை என்றவர்களுக்கு

வணக்கம். போன மாதம் நம் கடையில் கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவின் அந்துப்பூச்சியைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வாங்கியவர்களில் நாலைந்து பேர் வந்து, "ஒரு அந்துகூட விழவில்லை" என்றார்கள். தோட்டங்களுக்கே போய்ப் பார்த்தோம்.

பாதித் தவறு எங்களுடையது. லூர், அதாவது பொறிக்குள் மாட்டும் வாசனைத் துண்டு, அதன் பாக்கெட்டுகளை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தோம். வாசனை பாதி அங்கேயே போய்விட்டது. பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலி உறையைக் கொண்டுவாருங்கள், புது லூர் தருகிறோம். இனி ஃபிரிட்ஜில்தான் வைப்போம். நீங்களும் மாட்டும் நாள்வரை உறையைப் பிரிக்க வேண்டாம்.

மீதிப் பாதி, கட்டிய விதம். ஒரு தோட்டத்தில் செடி முழங்கால் உயரம், பொறியோ ஆள் உயரக் கம்பில் ஆடிக்கொண்டிருந்தது. செடியின் தலை மட்டத்தில் கட்டி, செடி வளர வளர ஏற்ற வேண்டும். இன்னொருவர் தக்காளிக் காய்ப்புழுவுக்கு வாங்கிய லூரையே மாட்டியிருந்தார். கத்தரி அந்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரியாகக் கட்டியிருந்த ஒரு தோட்டத்தில், பையின் அடியில் வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டோடு விரல் நகமளவு அந்துகள் கிடந்தன. எல்லாம் ஆண்.

ஆண் மட்டும்தான் விழும். பெண் அந்து விடும் வாசனையைத்தான் லூரில் ஏற்றியிருக்கிறார்கள். ஏக்கருக்கு 5 பொறி வைத்தால் பூச்சி வந்துவிட்டதா என்று தெரியும், அவ்வளவுதான். புழு குறைய வேண்டுமானால் 10 மீட்டருக்கு ஒன்று, ஏக்கருக்கு 40 வேண்டும். அப்போதும் பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பறந்து வந்து முட்டையிட்டால் பொறி ஒன்றும் செய்யாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில் அந்தைப் பிடித்துத் தீர்ப்பதில்லை. ஏக்கருக்கு 400 வரை வாசனைக் குழாய்களை மரங்களில் கட்டி, பெண் எங்கே என்றே ஆணுக்குத் தெரியாமல் குழப்பிவிடுகிறார்கள். தோப்பு பரந்து கிடப்பதால் அங்கே அது எடுபடுகிறது, நம் அரை ஏக்கரில் எடுபடாது. அதனால் பொறி வைக்கும்போது பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் வியாபாரம்தான், மறைக்கவில்லை.

காசில்லாத வேலை ஒன்றும் உண்டு. நுனி வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழியுங்கள். பிடுங்கிய பழைய செடியை வரப்பில் குவிக்காதீர்கள், அதிலிருந்தே அந்து கிளம்பும்.

அப்புறம், மாட்டிய தேதியைப் பொறியிலேயே எழுதிவையுங்கள். மாதம் ஒன்றானதும் லூரை மாற்ற வேண்டும்.