மான் பார்க்கப் போன கதை

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், குளிர்தான் ஆரம்பிச்சிடுச்சு. போன்ல சின்னவன் "மான் கத்துச்சு, மான் கத்துச்சு"ன்னு ஒரே ஆட்டம் போட்டானே, உங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, அதான் விவரமா எழுதுறேன்.

இங்க இங்கிலாந்துல, லெஸ்டர் ஊர் பக்கத்துல பிராட்கேட் பார்க்னு ஒண்ணு இருக்கு. பார்க்னதும் நாலு பெஞ்சு ஒரு ஊஞ்சல்னு நெனச்சுடாதீங்க, 800 ஏக்கருக்கு மேல, குன்று, பாறை, சின்னதா ஒரு ஆறு, ஓக் மரம், வழியெல்லாம் பெரணிச் செடி. உள்ள போக டிக்கெட்டே இல்ல, கார் நிறுத்தத்தான் காசு. ஷூ மெஷின் கம்பெனி நடத்தின சார்லஸ் பென்னியன்னு ஒருத்தர் 1928ல இந்த இடத்தையே வாங்கி ஜனங்களுக்குன்னு எழுதி வச்சுட்டாராம். இந்தக் காலத்துல அரை கிரவுண்டுக்கே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போறாங்க!

மான் கூண்டுல இல்லம்மா, அது பாட்டுக்கு மேயுது, நாம நடக்கிற பாதையையே குறுக்க தாண்டிப் போகுது. ரெண்டு வகை இருக்கு, செம்மான், அப்புறம் ஃபேலோ மான். அக்டோபர் அதுங்க ஜோடி சேருற சீசன்ங்கிறதால ஆண் செம்மான் அடித்தொண்டையில இருந்து ஒரு உறுமல் விடுது பாருங்க, மான் இப்படி கத்தும்னு எனக்கே இப்பத்தான் தெரியும். பெருசா தெரியணும்னு கொம்புல பெரணியெல்லாம் சிக்க வச்சுக்கிட்டு நிக்குது, மாப்பிள்ளை முறுக்குன்னா அதுதான்! இந்த நேரத்துல ரொம்ப தள்ளித்தான் நிக்கணும், தீனி எப்பவுமே போடக்கூடாது. சின்னவன் பிஸ்கட்டை நீட்டப் போனான், அவர் புடிச்சு இழுத்துட்டார்.

அப்பாவுக்குப் புடிக்கிற சமாச்சாரமும் இருக்கு. 1553ல ஒன்பதே நாள் இங்கிலாந்து ராணியா இருந்த ஜேன் கிரே வளர்ந்த செங்கல் அரண்மனை இங்கதான் இடிஞ்சு கிடக்கு. அடுத்த வருஷமே தலைய வெட்டிட்டாங்க, இருபது வயசுகூட ஆகல பாவம். குன்று உச்சியில 1784ல கட்டின ஓல்ட் ஜான் கோபுரம், கைப்பிடி வச்ச பீர் மக்கு மாதிரியே இருக்கு. ஏறினா காத்து ஆளையே தள்ளுது, ஆனா சுத்துவட்டாரம் பூரா தெரியுது. அப்பா முட்டிக்கு அது வேணாம், கீழ நியூடவுன் லின்ஃபோர்டு வாசல்ல இருந்து ஆத்தோரமா நல்ல பாதை இருக்கு, தள்ளுவண்டியே போகுது.

டிக்கெட் போட்டா ஜூன்ல வர்ற மாதிரி போடுங்க. அப்பத்தான் குட்டி போடுமாம், பெரணிக்குள்ள குட்டிய ஒளிச்சு வச்சுட்டு தாய் மேயப் போயிடுமாம், பார்த்தா தொடவே கூடாது. அம்மா, நீ ஐயோ தனியா கிடக்கேன்னு மடியில தூக்கி வச்சுக்குவ, அதான் இப்பவே சொல்லிட்டேன்.

அன்புடன்,
உங்க பொண்ணு